உள்ளேயிருந்து வந்த உத்தரவு

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் வந்து செந்தாமரை வீடு எங்கே என்று கேட்டால், “எந்தச் செந்தாமரை, கம்ப்யூட்டர் செந்தாமரையா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அவளுக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. பிடிக்காது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. சாமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். கடைகளில் பில் போடும் மெஷின் நின்றுபோனால் போனிலேயே வழி சொல்லிச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனி அது. பிறகு கோகுல்ராஜைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். அவன் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினால் பொழுது சாயத்தான் மேலே வருவான்.

மலை விவசாயிகள் சங்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. அதைத் துடைத்து, உள்ளே இருந்த குப்பையை அழித்து, சர்வராக மாற்றியவள் அவள்தான். உறுப்பினர்களின் ஆதார், பேங்க் விவரம், யாருடைய புளி எந்த மூட்டையில் இருக்கிறது என்கிற குறிப்பு எல்லாம் அதற்குள் போயின. கூடவே ‘பலகை’ என்றொரு மென்பொருளையும் ஏற்றினாள். சிலபேர் சேர்ந்து சம்பளம் வாங்காமல் எழுதிப் பராமரிப்பது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். ஊர் அறிவிப்புப் பலகை மாதிரிதான். பலாப்பழத்துக்கு வியாபாரி எப்போது வருகிறார், ஜீப் எந்த வழியாகப் போகிறது, யாருக்கு விதை வேண்டும் என்று உறுப்பினர்கள் தங்கள் ஊர்களிலிருந்தே போனில் எழுதுவார்கள், படிப்பார்கள்.

அதில் ஒரு வசதி எல்லோருக்கும் பிடித்துப்போனது. யாராவது ஒரு லிங்க்கைப் போட்டால், அதன் கீழே சின்னதாக ஒரு பெட்டி விழும். அந்த லிங்க்கில் என்ன இருக்கிறது என்று தலைப்பும் இரண்டு வரியும் அதில் தெரியும். மலையில் சிக்னல் ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் இருக்காது. பெரிய பக்கங்களைத் திறக்கப் போன் திணறும். அதனால் சர்வரே போய் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து சுருக்கிச் சொல்லும். முதலில் இந்த வசதி அணைந்துதான் கிடந்தது. செந்தாமரைதான் தேடிக் கண்டுபிடித்து ஆன் செய்தாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஆபீஸுக்குப் பின்சுவரை ஒட்டி சங்கத்தின் குளிர் அறை. கோடையில் கொட்டை எடுத்த புளியை அதில் வைத்தால்தான் நிறம் கறுக்காமல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் ராணியம்மாள். நாற்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, மகளைக் கீழே கட்டிக் கொடுத்துவிட்டார். தினமும் காலையில் அறைக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று பார்த்துப் பலகையில் ஒரு வரி எழுதுவார். மூட்டை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் திறந்து பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, உள்ளே குழாய்களில் கட்டியிருக்கும் ஐஸைக் கரைக்க வேண்டும். அதற்கு மெஷின்காரர் பிரவின்ராஜ் அவர் போனில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். அதைத் தொட்டால் கம்ப்ரசர் நிற்கும், குழாய் சூடாகும், ஐஸ் கரைந்து சொட்டும், பிறகு பழையபடி ஓடும். பிரவின்ராஜ் அதை ‘டீஃப்ராஸ்ட்’ என்றார். ராணியம்மாள் ‘ஐஸ் எறக்குறது’ என்றார். போன் தொலைந்தால் லிங்க்கும் போய்விடுமே என்று, பலகையில் குளிர் அறைப் பக்கத்தின் தலையிலேயே அதைப் போட்டு, ‘ஐஸ் எறக்க இத தொடவும்’ என்று எழுதியும் வைத்தார்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் புளி மூட்டைகள் ஈரமாகத் தொடங்கின. முதலில் ஓரத்து மூட்டைகளில் மட்டும். பிறகு நடுவிலும். ரங்கசாமி என்கிற உறுப்பினர் தன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம். அவர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டார்.

மேனேஜர் சந்தியாகப்பன் மலையடிவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஆட்கள் கூடி நின்று கேட்கும்போது உடனே ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும் என்று பதறுகிறவர். வாணியம்பாடியிலிருந்து பிரவின்ராஜை வரவழைத்தார். அவர் மெஷினைத் திறந்து பார்த்தார், மூடினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

“மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். யாரோ டீஃப்ராஸ்ட்ட அமுக்கிகினே இருக்காங்க. ஒரு நாளைக்கே பலவாட்டி. இதுல பதிஞ்சிருக்குது பாருங்க.”

“யாருன்னு அதுல தெரியாதா?”

“அதெல்லாம் சொல்லாது சார். உத்தரவு உள்ள இருந்து வந்ததா, அவ்ளோதான் பாக்கும். இங்க ஆபீஸ் வைஃபைல இருக்கற ஆளுதான்.”

எல்லோரும் ராணியம்மாளைப் பார்த்தார்கள்.

“நான் வாரத்துக்கு ஒருவாட்டிதாங்க தொடுவேன்,” என்றார் அவர். “அந்த லிங்க்க நான் பலகையிலயும் போட்டு வெச்சிருக்கேங்க. யார் வேணா பாக்கலாம்.”

சந்தியாகப்பன் செந்தாமரை பக்கம் திரும்பினார். “ஏம்மா, அத அவங்க அவங்க வூட்ல இருந்து தொட்டா வேலை செய்யுமா?”

“செய்யாதுங்க சார். அந்த முகவரி ஆபீஸுக்கு வெளிய செல்லாது. உள்ள இருந்தாத்தான் போகும்.”

“உள்ள யாரு யாரு?”

“நீங்க, நான், ராணி அக்கா.”

கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள். அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிட்டது. ராணியம்மாளிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, போகும்போது ஒரு தடவை செந்தாமரையைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் போன பிறகு குளிர் அறை ஒழுங்காக ஓடியது. கம்ப்ரசர் நிற்கவே இல்லை. “பாத்தியாம்மா?” என்றார் சந்தியாகப்பன். செந்தாமரையும் பார்த்தாள்தான். மனசில் ஓர் ஓரத்தில் இருந்த சந்தேகமும் அதோடு அடங்கியது. பாவம், தெரியாமல் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று நினைத்தாள். வீட்டில் கோகுல்ராஜிடம்கூட அப்படித்தான் சொன்னாள்.

ஒரு காலைப் பொழுதில் சந்தியாகப்பன் வந்து, “அந்தக் குளிர் கணக்க யாரும் எழுதறதில்லன்னு ஆளுங்க கேக்கறாங்க. இனிமே நீயே போட்டுடும்மா,” என்றார். செந்தாமரை அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, பலகையில் குளிர் அறைப் பக்கத்தைத் திறந்தாள். ராணியம்மாள் போனதிலிருந்து அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. புது வரி வந்தால்தான் உறுப்பினர்களின் போனுக்குத் தகவல் போகும்; அது போகாததால் யாரும் அதைத் திறக்கவும் இல்லை.

அவள் எழுதத் தொடங்குவதற்குள் சுவருக்குப் பின்னால் இருந்த ரீங்காரம் நின்றது.

எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம். நின்றால்தான் அது இருந்ததே தெரியும். அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். மெஷின் பெட்டியில் ஐஸ் கரைக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. சந்தியாகப்பன் வாசலில் நின்று போனில் யாரோ வியாபாரியோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். பக்கத்தின் தலையில் ராணியம்மாள் எழுதிய வரி, அதன் கீழே லிங்க், லிங்க்கின் கீழே வழக்கமான சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியில் இருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் படித்தாள். ‘டீஃப்ராஸ்ட் தொடங்கியது’ என்று இருந்தது.

அது லிங்க்கின் பெயர் இல்லை. லிங்க்கைத் தொட்டால் மெஷின் சொல்லும் பதில். லிங்க்கைத் தொடாதவருக்கு அந்தப் பதில் எப்படித் தெரியும்? சர்வர் போய்த் தொட்டிருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு வரி எழுதவேண்டும் என்பதற்காகப் போய்த் தொட்டுவிட்டு, கிடைத்த பதிலைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. சில மணி நேரம் கழிந்தால் அந்தச் சுருக்கம் பழசாகிவிடும். அதன் பிறகு எந்த ஊரிலிருந்து யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் மறுபடி போய்த் தொடும். தங்கள் புளி பத்திரமா என்று பார்த்தவர்கள் ஒவ்வொருவரும், பார்த்ததாலேயே அதை நனைத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பேர் என்று அவள் சொன்னது தப்பு. நான்காவதாக ஒன்று மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள்தான் அங்கே வைத்தாள்.

அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மெஷின் பழையபடி ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சேர்த்துவைத்த சுருக்கங்களை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். ரீங்காரம் நின்றது. அந்த வசதியை அணைத்துவிட்டுத் திறந்தாள். ஓடிக்கொண்டே இருந்தது. சர்வர் எப்போது எங்கே போனது என்கிற பதிவிலும் ரீங்காரம் நின்ற அதே நேரங்கள் இருந்தன.

இதோடு போய்ச் சந்தியாகப்பனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு இன்னொன்று உறுத்தியது. ராணியம்மாள் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் எழுதியதே இவ்வளவு செய்ததென்றால், கெட்ட எண்ணத்தோடு ஒருவன் எழுதினால்?

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும், சோதித்துப் பார்ப்பதற்காக ஆபீஸ் நெட்வொர்க்கில் இல்லாத தன் சொந்த போனிலிருந்து பலகையில் ஒரு புதுக் கணக்கைத் தொடங்கினாள். பெயர் கொடுத்தால் போதும், யாரையும் கேட்காமல் உள்ளே விடும். அப்படி வைத்ததும் அவள்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கி, அந்த வசதியை ஒரு நிமிஷம் மட்டும் ஆன் செய்தாள். புதுக் கணக்கிலிருந்து ஒரு முகவரியைப் போட்டாள். வெளி உலகத்துக்கு மூடிவைத்து, சர்வர் தனக்குத்தானே மட்டும் திறந்து வைத்திருக்கிற பக்கம் ஒன்று உண்டு. உறுப்பினர் விவரங்களை நகலெடுத்து வைக்கும் இடம் அது. அந்த முகவரி. சின்னப் பெட்டி விழுந்தது. அதற்குள் இரண்டு வரி. முதல் வரியில் ரங்கசாமியின் பெயரும் அவருடைய பேங்க் கணக்கு எண்ணின் பாதியும்.

அவள் உடனே அணைத்தாள். போட்டதை அழித்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோகுல்ராஜ் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, “இன்னா, ஒரு மாதிரி கீற?” என்றான்.

“வூட்டுச் சாவிய யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்னு ஒரு ஆள வேலைக்கு வெச்சிருக்கோம்னு வெச்சிக்க. சாவிய அவன் குடுக்கவே இல்ல. ஆனா வெளிய நின்னுகினு ஒருத்தன், ‘பீரோவுல இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு’ன்னு கேட்டா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லிடறான்.”

“அவன நிறுத்திட வேண்டியதுதான.”

“நல்லவன்தான். சொன்னதச் செய்றான். யார் சொல்றதக் கேக்கணும், எங்க போகக் கூடாதுன்னு அவன் கிட்ட யாருமே சொல்லல.”

மறுநாள் காலை அவள் ஆபீஸுக்குப் போவதற்கு முன் ராணியம்மாளின் ஊருக்குப் போனாள். அவர் வாசலில் சாக்கை விரித்துப் புளியில் நார் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வாங்க,” என்றார்.

எப்போதும் ‘வா தாமர’ என்றுதான் சொல்வார். அந்த ‘ங்க’ அவளைச் சுட்டது. அவள் சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ராணியம்மாள் நார் எடுப்பதை நிறுத்தவில்லை.

“அப்ப நான் அங்க எழுதி வெச்சதுதான் காரணமா?”

“இல்ல கா. நீங்க படிக்கத்தான் எழுதி வெச்சீங்க. அது படிக்காம, போய்ச் செஞ்சிட்டு வந்துது.”

“எது?”

“நம்ம சர்வரு.”

“அத யாரு அப்டிப் போவச் சொன்னது?”

“நான்தான் கா. அந்தச் சின்னப் பெட்டி நல்லா இருக்குதேன்னு ஆன் பண்ணேன். அது எப்டி வருது, எங்க போய்ட்டு வருதுன்னு பாக்கவே இல்ல. அன்னைக்கு சார் கேட்டப்ப, உள்ள மூணு பேருன்னேன். நாலாவதா அது இருந்தத நான் யோசிக்கவே இல்ல.”

ராணியம்மாள் நாரைப் பிய்த்துச் சாக்கின் ஓரத்தில் போட்டார். பிறகு, “மெஷின்ன்றதால நீ யோசிக்கல. நான் மனுஷின்றதால யோசிச்ச,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செந்தாமரையும் ஒரு புளியை எடுத்து நார் பிரித்தாள்.

“சார் கிட்ட தனியாப் போய்ச் சொல்லாத,” என்றார் ராணியம்மாள். “அன்னைக்கு இருந்தவங்க அத்தினி பேரும் இருக்கணும். அப்ப சொல்லு.”

அந்த வாரமே கூட்டம் போட முடியவில்லை. தப்பு ராணி அக்காவுடையது இல்லை, எப்படி என்பதை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று அவள் சொன்னதும் சந்தியாகப்பன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு, ஊர்களில் திருவிழா முடியட்டும், எல்லோரும் வருவார்கள் என்றார். செந்தாமரைக்கும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. அந்த வசதியை அணைத்துவிட்டால் சங்கத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் அதே பலகையை இன்னும் எத்தனை ஊர்களில், எத்தனை பள்ளிகளில், கிளினிக்குகளில் வைத்திருக்கிறார்களோ. பலகையிலேயே இதை எழுதிக் கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால் திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகிவிடும். மென்பொருளைப் பராமரிப்பவர்கள் ரகசியமாகத் தகவல் சொல்வதற்கென்று ஒரு முகவரி வைத்திருந்தார்கள். அதற்கு எழுதினாள். வேலூரிலிருந்து ஆன்மேரி என்பவர் போனில் கூப்பிட்டார்.

“நீங்க செஞ்சி பாத்தத அப்டியே செஞ்சி பாத்தேன். ஒடம்பே ஆடிப்போச்சி,” என்றார் எடுத்த எடுப்பில். “இந்தப் பெட்டி வர்ற புரோகிராம எழுதினதே நான்தாங்க. வெளிய இருக்கற பக்கத்தப் படிக்கத்தான் நெனச்சேன். உள்ள திரும்பிப் போகும்னு தோணவே இல்ல.”

“எனக்கும் தோணல மேடம்.”

“மேடம்லாம் வேணாம். மேரின்னு கூப்பிடுங்க. எனக்கு சோதிச்சிப் பாக்க ஆள் இல்ல. கூட இருந்து பாத்துக் குடுக்கறீங்களா?”

அப்படி ஆரம்பித்தது. ஆன்மேரி திருத்தி அனுப்புவார், செந்தாமரை ஒரு தனிக் கம்ப்யூட்டரில் ஏற்றி அதை ஏமாற்றப் பார்ப்பாள். முதல் திருத்தம் எளிமையானது. உள் முகவரிகள் புள்ளி வைத்த எண்கள்; அவை எப்படித் தொடங்கும் என்று தெரியும். அப்படித் தொடங்கினால் போகாதே என்று தடுத்தது. செந்தாமரை அதே முகவரியைப் புள்ளிகள் இல்லாமல் ஒரே நீள எண்ணாக எழுதிப் போட்டாள். உள்ளே போய்விட்டது. இணையத்தில் ஒரு சாதாரணத் தளப் பெயரை வாங்கி, அந்தப் பெயர் உள் முகவரியைக் காட்டும்படி வைத்துப் போட்டாள். அதற்கும் போய்விட்டது.

“எழுத்தப் பாத்துத் தடுக்கறதுல புண்ணியம் இல்ல மேரி,” என்றாள். “கடைசியில அது எங்க போய் நிக்கப் போகுதோ, அந்த எடத்தப் பாக்கணும்.”

ஆன்மேரி மாற்றினார். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் முதலில் அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று கேட்டறிந்து, அந்த எண் உள்ளே இருப்பதாக இருந்தால் மறுத்துவிடும். இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு நாள்தான் அந்தச் சந்தோஷம் நீடித்தது. இந்த முறை ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஆன்மேரி. வெளியே ஒழுங்காக இருக்கும் ஒரு பக்கம், சர்வர் வந்ததும் ‘நான் இடம் மாறிவிட்டேன், அங்கே போ’ என்று உள் முகவரியைக் கை காட்டினால், கேள்வி கேட்காமல் அங்கே போய்விடுகிறது. அதையும் அடைத்தார். கை காட்டும் ஒவ்வொரு இடத்தையும் முதலிலிருந்து சோதித்த பிறகுதான் அடி எடுத்து வைக்கவேண்டும்.

செந்தாமரைக்கு இன்னும் திருப்தி வரவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. சமையல் செய்யும்போதும் அதே யோசனை. சோதிக்கும்போது ஒரு தடவை பெயரைச் சொல்லி எண்ணை வாங்குகிறது. நல்ல எண். சரி என்கிறது. பிறகு கிளம்பும்போது? அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கிளம்பும்போது மறுபடி ஒரு தடவை பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்கிறது. பெயரை வைத்திருப்பவன் முதல் தடவை நல்ல எண்ணையும் இரண்டாம் தடவை உள் எண்ணையும் கொடுத்தால்? செய்து பார்த்தாள். உடனே விழவில்லை. மூன்று நான்கு தடவை முயன்றதில் ஒரு தடவை சின்னப் பெட்டி விழுந்தது.

“அய்யோ சாமி,” என்றார் ஆன்மேரி போனில். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள். சோதித்த எண் எதுவோ அதற்கே போகவேண்டும், மறுபடி கேட்கக் கூடாது என்று எழுதினார்கள். அதன் பிறகு செந்தாமரையால் ஏமாற்ற முடியவில்லை. ஆன்மேரியின் நண்பர்கள் இருவரிடம் கொடுத்தார்கள், அவர்களாலும் முடியவில்லை. ஆனாலும் இனி யார் பலகையை ஏற்றினாலும் அந்த வசதி அணைந்தபடிதான் வரும், ஆன் செய்யும் இடத்தில் ஆபத்து என்னவென்று இரண்டு வரி இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அந்த இரண்டு வரியைச் செந்தாமரையையே எழுதச் சொன்னார் ஆன்மேரி.

இதற்கிடையில் ஆபீஸிலும் அவளுக்கு வேலை இருந்தது. மென்பொருளில் நாளைக்கு இன்னொரு ஓட்டை வந்தாலும் சர்வர் குளிர் அறைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி, நெட்வொர்க்கிலேயே இரண்டையும் பிரித்து வைத்தாள். பலகையில் சேர வருபவர்களைச் சங்கத்தில் ஒருவர் பார்த்து அனுமதித்தால்தான் சேரமுடியும் என்று மாற்றினாள். உறுப்பினர்கள் சும்மா இருக்கவில்லை. “அந்தச் சின்னப் பெட்டி எங்க போச்சி? எல்லாத்தையும் தொறந்து பாத்தா நெட்டு காலியாவுது,” என்று ஆபீஸுக்கே வந்து கேட்டார்கள். வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

திருவிழா முடிந்த பிறகு கூட்டம் நடந்தது. ரங்கசாமி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ராணியம்மாள் கதவோரம் நின்றார். செந்தாமரை முன்னால் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பலகையைத் திறந்து காட்டினாள், எல்லோரும் சுவரில் காதை வைத்துக் கம்ப்ரசர் நிற்பதைக் கேட்டார்கள்; அதற்காகவே ஒரு தடவை பழையபடி வைத்துக் காட்டினாள்.

“அப்ப எங்க புளிய நாங்களே கெடுத்துகினோம்ன்றியா?” என்றார் ரங்கசாமி.

“நீங்க இல்லீங்க. ராணி அக்காவும் இல்ல. அந்த வசதிய என்னான்னு பாக்காம வெச்சது நான். உங்க பேங்க் விவரம்கூட அந்த வழியா வெளிய போயிருக்கலாம். பழைய பதிவு எல்லாத்தையும் பாத்துட்டேன். நான் சோதிச்சதத் தவிர யாரும் எடுத்த மாதிரி இல்ல. ஆனாலும் உங்களுக்குத் தெரியணும், அதான் சொல்றேன்.”

ரங்கசாமி திட்டத்தான் செய்தார். அவருடைய மூட்டை போனது போனதுதான். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். செந்தாமரை நின்றபடியே கேட்டுக்கொண்டாள். அது அடங்கியதும் சந்தியாகப்பன் எழுந்தார். “ராணிம்மா, அன்னைக்கு நான்... விசாரிக்காம... அதாவது பாத்தீங்கன்னா,” என்று இழுத்தார். பிறகு, “தப்பா சொல்லிட்டேன் ராணிம்மா. மனசுல வெச்சிக்காதீங்க,” என்று சட்டென்று முடித்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

ராணியம்மாள் உடனே வாங்கவில்லை. “மெஷினுக்கு ஒரு பூட்டு போடுங்க சார். உள்ள இருந்து யார் சொன்னாலும் கேக்கறது வேணாம். நான் சொன்னாக்கூட யாருன்னு கேட்டுட்டுத்தான் செய்யணும்,” என்றார்.

பிரவின்ராஜ் மறுபடி மேலே வந்தார். அந்தப் பெட்டிக்குக் கடவுச்சொல் போடும் வசதி முதலிலிருந்தே இருந்தது. உள்ளே தானே இருக்கிறது என்று யாரும் போடவில்லை. லிங்க்கைத் திறந்தாலே வேலை நடப்பதையும் மாற்றினார். இனி பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினால்தான் ஐஸ் இறங்கும். “இது எங்க வேலைதான் சார், நாங்க முதல்லயே செஞ்சிருக்கணும்,” என்று ஒத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

கடவுச்சொல் வைக்க ராணியம்மாளை உட்காரவைத்தாள் செந்தாமரை. அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார்.

“இன்னா வெக்கிறது தாமர? எம் பொண்ணு பேரு வெக்கட்டுமா?”

“பொண்ணு பேரு எல்லாருக்கும் தெரியும் கா. வேற ஏதாவது. நீளமா இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது.”

ராணியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “ஒண்ணு இருக்குது. எங்க வூட்டுக்காரரு என்னைய...”

“சொல்லாதீங்க கா! எங்கிட்டயும் சொல்லக் கூடாது.”

செந்தாமரை எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை நின்றது, ராணியம்மாள் தனக்குள் ஏதோ முணுமுணுத்துச் சிரித்தார், மறுபடி தொடர்ந்தது. கோகுல்ராஜின் ஜீப் வளைவில் ஏறிவரும் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை, அவர் “ஆச்சு” என்று சொல்லும்வரை.